லிமியே என்றால் என்ன என்று கேட்டிருந்தாய்

பாஸ்கரா,

உன் கடுதாசி திங்கட்கிழமை வந்தது. நாலு பக்கத்தையும் மூன்று தடவை படித்தேன். உங்கம்மாவுக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நீ கேட்டிருப்பது இரண்டே விஷயம். உன் தொழிற்சாலையில் வேலை செய்கிற நம்ம ஊர்ப் பெரியவர் ஒருத்தர், என் பேரைச் சொன்னதும் ‘ஓ, அந்த லிமியேவா!’ என்று சிரித்தாராம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறாய். இரண்டாவது, உன் பெண்டாட்டி மல்லிகா உன்னிடம் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள், லாஸ்பேட்டையில் அவள் அப்பா வீட்டிலும் இல்லை, எங்கே இருக்கிறாள் என்று நான் கண்டுபிடித்து எழுத வேண்டும். ‘உங்களால முடியாததா அப்பா’ என்று ஐஸ் வேறு வைத்திருக்கிறாய். முதல் கேள்விக்கு முழுசாகவே பதில் எழுதுகிறேன். இரண்டாவதுக்கும் பதில் இருக்கிறது, அது உனக்குப் பிடிக்காது. பாதியில் கிழித்துப் போட்டுவிடாதே. அறுபத்தஞ்சு வயசில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுதுகிறேன், அந்த மரியாதைக்காவது கடைசி வரைக்கும் படி.

ஏழு வருஷமாக அந்த பிரெஞ்சு தேசத்தில் இருக்கிறாய். ஒரு அகராதியைப் புரட்டத் தோன்றவில்லை, அப்பனுக்குத் தபால் போடத் தோன்றியிருக்கிறது. போகட்டும். லிமியே என்பது வேட்டைநாயில் ஒரு தனி ரகம். மோப்பம் பிடித்துப் போய், மிருகம் எந்தப் புதரில் படுத்திருக்கிறது என்று காட்டுகிற நாய். கெட்டிக்காரத்தனமாகத் துப்புத் துலக்குகிறவனையும் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பேர் சொல்லி மெச்சுவார்கள். எனக்கு அதை வைத்தவர் நொத்தேர் முசே. வீடு, நிலம், உயில், கல்யாண ஒப்பந்தம் என்று எல்லாவற்றுக்கும் பத்திரம் எழுதி முத்திரை போடுகிற மனுஷர். முப்பத்திரண்டு வருஷம் அவரிடம்தான் குமாஸ்தாவாகக் கிடந்தேன். காரைக்கால்காரர், என்னைவிடக் கறுப்பு. ஆனால் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான் வரும். நான் சேர்ந்த புதுசு, பிரெஞ்சுக் கொடி இன்னும் இறங்காத காலம். ஒரு வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டியிருந்தது. வாரிசுகளில் ஒருத்தியை ரொம்ப காலமாகக் காணோம். மற்றவர்கள் ‘செத்திருப்பா, அப்படியே எழுதிக்குங்க’ என்றார்கள். நான் பழைய பதிவேடுகளை இருபது நாள் புரட்டினேன். ஒரு கல்யாணப் பதிவில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட பேர் ஒன்று, வேறொரு குழந்தையின் பிறப்புப் பதிவிலும் வந்தது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டே வைத்திக்குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். படகு ஓரமாக மீனைக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள். அவள் தகப்பன் பேரைச் சொல்லிக் கேட்டதும், ‘யாருய்யா நீ, செத்துப்போன மனுசனப் பேர் சொல்லிக் கூப்புடற?’ என்று செதில் ஒட்டின கையோடு எழுந்து நின்றாள். மறுநாள் அவளை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது முசே நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினார். ‘வொலா மோன் லிமியே’ என்றார். இதோ பார் என் வேட்டைநாய் என்று அர்த்தம். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் சொன்னேன். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. அவள் அரைத்துக்கொண்டிருந்த அம்மியிலிருந்து தலையைத் தூக்கி, ‘நாயின்னு சொல்லியிருக்கான் அந்த ஆளு. நீ பல்லக் காட்டிக்கினு வந்து என்கிட்ட சொல்ற’ என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவள், பிரெஞ்சு நாசூக்கு இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். எத்தனை மமதை பார். அந்தப் பேர் ஊரில் பரவிப் போனது. கடைத்தெருவில் நடந்தால் ‘லிமியே போறார்’ என்று முணுமுணுப்பார்கள், எனக்கு நெஞ்சு நிமிரும். வேலையும் அதற்குத் தகுந்தாற்போல் வந்துகொண்டே இருந்தது. காணாமல் போன வாரிசு, பேரை மாற்றிக்கொண்டு திரிகிறவன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தாவுக்கு இன்னொரு ஊரில் இருக்கிற இன்னொரு பெண்டாட்டி, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் ஏவுவார். எனக்கு ஒரு வழி இருந்தது. தெருத் தெருவாக அலைந்து விசாரிப்பது முட்டாள் வேலை. நம்ம ஊர் காகிதத்தால் ஆன ஊர். பிறந்தால் பதிவு, கட்டினால் பதிவு, செத்தால் பதிவு, பென்ஷன் வாங்க உயிரோடு இருக்கிறேன் என்று வேறு ஒரு காகிதம். இந்த ஊரில் ஒளிந்துகொள்கிறவர்கள் சோறில்லாமல் கூட நாலு நாள் இருந்துவிடுவார்கள், காகிதம் இல்லாமல் இருக்க முடியாது. எத்தா சிவில் என்கிறோமே, அந்தப் பதிவு ஆபீசுக்கு எப்படியும் ஒருநாள் வந்துதான் ஆகவேண்டும். வாசலில் பெஞ்சு போட்டிருப்பார்கள். நான் பேப்பரை விரித்துக்கொண்டு அதில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவ்வளவுதான் என் சூட்சுமம்.

இப்போது தனலட்சுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு அந்தப் பேர் ஞாபகம் இருக்காது, ஆனால் அவள் கதையை நீ என் வாயால் கேட்டிருக்கிறாய். முதலியார்பேட்டையில் மில் தொழிலாளி ஒருத்தரின் பெண். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த நம்ம ஊர்ப் பையன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் மற்றதைக் கேட்க மாட்டார்கள், இப்போது மட்டும் கேட்கிறார்களா? இரண்டு வருஷம் அங்கே குடித்தனம் பண்ணினாள். லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில், திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கும்போது காணாமல் போய்விட்டாள். அந்த சொல்தா தாம்தூம் என்று ஆபீசுக்கு வந்தான். முசே என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டாம். அவளுடைய காகிதம் எல்லாம் புருஷன் பெட்டியில் இருந்தது. அப்படியானால் எந்த வேலைக்குப் போகவும் பிறப்புச் சான்று நகல் புதுசாக வாங்கியாக வேண்டும். பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள். ரிக்‌ஷாவில் ஏறினாள், நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். கருவடிக்குப்பத்தில், கூடப் படித்த பெண் வீட்டின் பின்பக்க அறையில் ரவிக்கை தைத்துக்கொண்டு இருந்தாள். கதவைத் தட்டி, யார் என்று சொன்னேன். அவள் ஓடவில்லை, கத்தவில்லை. உட்காரச் சொல்லி ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். முடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள். மடல் இரண்டாகக் கிழிந்து ஆறியிருந்தது. ‘தோட்டோட சேத்துப் புடிச்சி இழுத்தாரு. இதத்தான் ஐயா வெளிய காட்ட முடியும்’ என்றாள். பிறகு, ‘என்னப் பாக்கலன்னு சொல்லிடுங்க ஐயா. ஒங்களுக்குப் புண்ணியமா போவும்’ என்றாள். ‘சரிம்மா, நான் உன்னப் பாக்கல. பயப்படாத’ என்று சொன்னேன். அவள் கொடுத்த தண்ணியைக் குடித்தேன். சைக்கிளை எடுத்து நேராக ஆபீசுக்கு மிதித்தேன்.

வழியில் மனசு கிடந்து தவித்தது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். தவிக்கவில்லை. ஜெயித்த சந்தோஷம்தான் இருந்தது. சொன்ன வாக்கு எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை, அவள் கலவரப்பட்டு வேறு இடத்துக்கு ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு மத்தியானமே அந்த சொல்தாவும் அவன் அண்ணன் தம்பிகளும் கார் எடுத்துக்கொண்டு போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரம் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து வஞ்சிர மீன் குழம்பு சாப்பிட்டேன். நீ அப்போது லிசேயில், அந்தப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில், படித்துக்கொண்டிருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த உன்னிடம் பெஞ்சு, பேப்பர், ரிக்‌ஷா, சைக்கிள் என்று ஒன்று விடாமல் பெருமையாகச் சொன்னேன். நீ கண்ணை அகல விரித்துக் கேட்டுவிட்டு, ‘பெரிய ஆளுப்பா நீங்க’ என்றாய். காதைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை. ஓடிப்போன பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து கொடுப்பது ஒரு கெட்டிக்காரத்தனம் என்று என் பிள்ளைக்கு நானே என் வாயால், சோறு போட்ட தட்டுக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தேன். இன்றைக்கு நீ எழுதியிருக்கிற கடுதாசி அந்தப் பாடத்துக்கு நீ எழுதின பரீட்சை. நல்ல மார்க் வாங்கியிருக்கிறாய்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். தபாலில் ஒரு உறை வந்தது. முசே பிரித்துப் பார்த்துவிட்டு, மொழிபெயர்க்க வேண்டும் என்று என் மேசையில் வைத்தார். இறப்புப் பதிவின் நகல். தனலட்சுமி, பிறந்த ஊர் புதுச்சேரி, வயது இருபத்து நாலு. பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் மறுநாள் வந்தார்கள். அப்பா மில் சட்டையைக் கூட மாற்றாமல் வந்திருந்தார். பிரெஞ்சுத் தாளையும் நான் எழுதின தமிழ்த் தாளையும் அவர் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்க வராது, நானே படித்துக் காட்டினேன். தேதி, நேரம், ஊர், தெரு, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள். அந்தம்மா கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, ‘எப்பிடிச் செத்தான்னு எதுல போட்டிருக்கு?’ என்றாள். ‘இந்தக் காகிதத்துல அதப் போடமாட்டாங்கம்மா’ என்றேன். ‘நல்லாப் பாருங்க ஐயா. கீழ எங்கனா போட்டிருப்பாங்க.’ ‘இல்லம்மா. இதுல அதுக்கு எடமே கெடயாது.’ ‘திருப்பிப் பாருங்க’ என்றாள். வெறும் பின்பக்கம் என்று தெரிந்தும் அவளுக்காகத் திருப்பிப் பார்த்தேன். அவர்களுக்கு என்னை யாரென்று தெரியாது. பொறுமையாகப் படித்துக் காட்டின குமாஸ்தா என்று நினைத்து அந்த அப்பா என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாஸ்கரா, என்னை ஊரில் எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள், காறித் துப்பியிருக்கிறார்கள். அந்தக் கும்பிடு மாதிரி ஒன்றும் என்னைச் சுட்டதில்லை.

மொழிபெயர்ப்புக்காக அலமாரியிலிருந்து இறக்கின பெரிய அகராதி மேசையிலேயே கிடந்தது. அவர்கள் போன பிறகு என்ன தோன்றியதோ, ‘எல்’ எழுத்தைப் புரட்டினேன். இத்தனை வருஷமாகப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டிருந்த வார்த்தை, என் முதுகுக்குப் பின்னாலேயே அதன் விளக்கமும் இருந்திருக்கிறது, ஒருநாள் எடுத்துப் பார்த்ததில்லை. நீ கேட்ட ‘எங்கிருந்து வந்தது’ என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பழைய பிரெஞ்சில் ‘லியெம்’ என்று ஒரு சொல். நாயைப் பிடித்துக்கொண்டு போகிற வார் என்று அர்த்தம். அதற்கும் முன்னால் லத்தீனில் கட்டு என்று பொருள் தருகிற ஒரு சொல்லிலிருந்து அது வந்தது. வாரில் போகிற நாய் ‘லியெமியே’. அது வாயில் தேய்ந்து தேய்ந்து லிமியே ஆகிவிட்டது. முயலைத் துரத்துகிற நாய்க்கு முயலை வைத்தே ‘லெவ்ரியே’ என்று பேர் வைத்திருக்கிறார்கள், இதற்குக் கழுத்தில் கட்டின வாரை வைத்துப் பேர் வைத்திருக்கிறார்கள். கூட்டமாகக் குரைத்துக்கொண்டு ஓடுகிற நாய்களோடு இதை அவிழ்த்து விடுவதில்லையாம். வேட்டைக்கு முன்னால் ஒரே ஒரு ஆள் இதை வாரில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போவான். மோப்பம் பிடிக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்று பழக்கியிருப்பார்கள். மான் படுத்திருக்கிற இடத்தைக் காட்டியதும் இதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம்தான் மற்ற நாய்கள் வரும். கடிப்பதும் கிழிப்பதும் இது பார்க்காத வேலை.

நான் என் நாற்காலியில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நான் யாரையும் அடித்ததில்லை, யார் காதையும் பிய்த்ததில்லை, இடத்தைக் காட்டினேன், அவ்வளவுதானே என்று அந்த ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருந்தேன். அந்த நிம்மதிக்கே ஒரு பேர் இருந்திருக்கிறது, அதைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். உடனே வேலையை உதறிவிட்டு எழுந்து போனேன் என்று நினைக்கிறாயா? போகவில்லை. ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் அதே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஓடிப்போன பெண்களைத் தேடச் சொன்னால் மட்டும் முட்டி வலி, கண் தெரியவில்லை என்று சாக்குச் சொல்வேன். ‘முடியாது’ என்ற வார்த்தை என் வாயில் வரவே இல்லை. முசே தொழிலை விட்டுப் போகும்போது அந்த அகராதியை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்பக்கத்தில் ‘என் லிமியேவுக்கு’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் அன்பாகத்தான் கொடுத்தார், அதுதான் இன்னும் மோசம்.

அதற்கப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதற்கு உன் கல்யாணமே சாட்சி. மல்லிகா ஜாதகம் வந்ததும் பழைய வெறி தலைக்கேறிவிட்டது. அவள் குடும்பத்தை மூன்று தலைமுறை தோண்டினேன். தாத்தா எங்கே பிறந்தார், அத்தை ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ஒன்று விடவில்லை. ஒரு குறையும் கிடைக்கவில்லை, எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக் கூட இருந்தது. அவள் அப்பா சாது மனுஷர், அரசாங்க குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டரில் தனியாக வந்து என் எதிரே உட்கார்ந்தார். ‘சம்பந்தி, எனக்கு விசாரிக்கவெல்லாம் தெரியாது. நீங்களே சொல்லுங்க, பையன் எப்பிடி?’ என்று கேட்டார். நீ லிசேயில் படிக்கும்போது பக்கத்து பெஞ்சுப் பையன் பல்லை உடைத்துவிட்டு வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. உன் அத்தை பெண்ணைக் கன்னத்தில் அறைந்தது, அவள் அன்றிலிருந்து நம்ம வீட்டுப்படி ஏறாதது எல்லாம் ஞாபகம் வந்தது. ‘தங்கம் சார்’ என்றேன். ஊரில் இருக்கிற அத்தனை வீட்டையும் மோந்து பார்த்தவனுக்கு சொந்த வீட்டு நாற்றம் தெரியாமல் போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

இப்போது மல்லிகா விஷயம். நீ எழுதியிருக்கிறாய், ‘எதுக்குப் போனான்னே தெரியலப்பா’ என்று. உன் கடுதாசி வந்த இரண்டாம் நாளே அவள் இருக்கும் இடத்துக்கு எனக்கு வழி தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் தீர்மானித்துக்கொண்டு கிளம்பவில்லை, கால் தானாகவே போயிற்று. குழந்தை கவிதாவுக்கு மூன்று வயசு முடிகிறது. பள்ளிக்கூடத்தில் போட வேண்டும். கவிதாவின் பிறப்புப் பதிவு பிரெஞ்சில் இருக்கும், இங்கே எந்தப் பள்ளியில் கொடுத்தாலும் மொழிபெயர்ப்புக் கேட்பார்கள். அந்த வேலையை முத்திரை வைத்துச் செய்கிற ஆள் இந்த ஊரில் மூன்றோ நாலோ பேர்தான். அதில் ஒருத்தர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். போய் நலம் விசாரிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். அவர் மேசையில் தாள்கள் இருந்தன, மேலாக என் பேத்தி பேர். உடனே உள்ளுக்குள் ஒரு குதூகலம் வந்தது, பாஸ்கரா. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இத்தனை நடந்த பிறகும், வெட்கங்கெட்ட அந்தச் சந்தோஷம் எனக்கு அப்படியே புதுசு மாதிரி வந்தது. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாள் என்றார். வியாழக்கிழமை நான் போய் உட்கார்ந்துவிட்டேன்.

குழந்தைதான் முதலில் என்னைப் பார்த்தது. ‘தாத்தா’ என்று ஓடிவந்து முட்டியைக் கட்டிக்கொண்டது. மல்லிகா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு நான் யார் என்று தெரியும், ஊரே என்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடும் என்றும் தெரியும். மெதுவாகக் கிட்டே வந்து, ‘மாமா, எனக்கு எத்தினி நாள் குடுப்பீங்க?’ என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. ‘ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா வேற எடம் பாத்துக்குவேன். அதுக்கப்புறம் அவருக்கு எழுதுங்க. நான் வேணாம்னு சொல்லல’ என்றாள். காட்டிக் கொடுக்காதீர்கள் என்று கேட்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. நான் காட்டிக் கொடுப்பேன் என்பது அவளுக்கு வெயில் அடிக்கும், மழை பெய்யும் என்கிற மாதிரி நிச்சயமான விஷயம். இரண்டு நாள் மட்டும் தவணை கேட்கிறாள். என் மருமகள் என்னைப் பற்றி அறிந்து வைத்திருந்தது அவ்வளவுதான், அது சரியாகவும் இருந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் ஆபீஸில், எழுந்து நின்றபடி, பேத்தி தலையில் கை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு கேட்டேன், ‘வக்கீலப் பாத்தியாம்மா?’

பார்த்திருக்கிறாள். உங்கள் கல்யாணம் பிரெஞ்சுச் சட்டப்படி பதிவானது, அதனால் மனு அங்கே உள்ள கோர்ட்டுக்குத்தான் போகிறது. அங்கே அவளுக்காக ஒரு வக்கீல் இருக்கிறார். அடித்ததைப் பார்த்தவர், கேட்டவர் யாராவது கைப்பட எழுதின சாட்சியம் கொடுத்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். ‘வீட்டுக்குள்ள நடந்ததுக்கு நான் யாரப் போயி சாட்சி கேக்கறது மாமா?’ என்றாள். என்னைக் கேட்கிறாள் என்று நினைத்தேன், இல்லை. அவள் நிஜமாகவே ஒருத்தரும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். எதிரே நிற்கிறவன் போன வருஷ லீவு முழுசும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

போன வருஷம் நீ இரண்டு மாச லீவில் வந்திருந்தாயே, அதைச் சொல்கிறேன். மல்லிகா யாரோ பழைய டீச்சரைப் பார்க்கப் போய்விட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். மாடி அறைக் கதவு சாத்தின சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டதை உனக்கு நான் எழுத வேண்டாம், கை உன்னுடையது. நான் கீழே கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோவில் செய்தி போய்க்கொண்டிருந்தது. எழுந்து போய் அதன் சத்தத்தைக் கூட்டினேன். அந்த ஒரு நாள் மட்டும் என்றால் மறந்துவிட்டேன் என்றாவது சொல்லலாம். அந்த இரண்டு மாசத்தில் நாலு தடவை எழுந்து போய்க் கூட்டியிருக்கிறேன். மறுநாள் காலையில் அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள், நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டேன். குரைக்காமல் இருக்கப் பழகினவன்தானே.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். என்ன கேட்டேன், எந்த மாசம், எத்தனை தடவை, ரேடியோவை என்ன செய்தேன், எல்லாம் பிரெஞ்சில், என் கையெழுத்தில். பொய் எழுதினால் தண்டனை உண்டு என்று தெரிந்தே எழுதுகிறேன் என்றும் எழுத வேண்டும், எழுதினேன். சாட்சி சொல்கிறவர் கட்சிக்காரருக்கு என்ன உறவு என்று ஒரு வரி வருகிறது. அங்கே பேனா நின்றுவிட்டது. எதிரே முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த உங்கம்மா, ‘இன்னா யோசன?’ என்றாள். சொன்னேன். ‘இதுக்கு இன்னா யோசன. அப்பான்னு எழுது’ என்றாள். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவள், நீ அங்கே போன நாளிலிருந்து தபால்காரர் மணி கேட்டால் எழுந்து ஓடுகிறவள். நான் எழுதி முடித்ததும் முறத்தைத் தள்ளி வைத்தாள். ‘எனக்கும் ஒரு தாள் குடு’ என்றாள்.

மல்லிகா இருக்கும் இடம் எனக்குத் தெரியும், நேற்றுக்கூடப் போய்க் குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்குச் சொல்ல மாட்டேன். வேறு யாரையாவது வைத்துத் தேடாதே. காகிதம் வந்தால் சண்டை போடாமல் கையெழுத்துப் போடு. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: உன்னை விட்டுப் போனவளைப் போக விடு. அதை உனக்குச் சின்ன வயசில் சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான். வேறு எதையோ சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

உங்கம்மா தமிழில்தான் எழுதினாள். மூன்றே வரி. ‘என் மகன் என் மருமகளை அடித்தான். எனக்குக் கேட்டது. கேட்கக் கூடாதென்று அடுப்பங்கரையில் குழாயைத் திறந்துவிட்டேன்.’ அந்தக் குழாய் விஷயம் அன்றைக்கு வரைக்கும் எனக்கே தெரியாது. அதை நான்தான் பிரெஞ்சில் மாற்றினேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் தாளும் என் தாளும் மொழிபெயர்ப்போடு சனிக்கிழமை மல்லிகாவின் வக்கீலுக்குத் தபாலில் போய்விட்டன. என்னுடையதை நீ வேண்டுமானால் கிழவன் புத்தி கெட்டு எழுதினான் என்று சொல்லிக்கொள். கோர்ட்டில் அதற்கு அடுத்ததாக வைத்திருக்கிற தாளைப் பார். அந்தக் கையெழுத்து உனக்குத் தெரியும்.

அப்பா